ஒருமுறை எழுதிய கோடு ஊரெல்லாம் ஓடுவது எப்படி? அவலூர்பேட்டை டீக்கடை முதல் ஏரியன் ராக்கெட் வரை

விழுப்புரம் மாவட்டம், மேல்மலையனூர் வட்டத்தில் இருக்கிறது அவலூர்பேட்டை. செஞ்சிக் கோட்டைக்குப் பக்கத்து கிராமங்களுக்கெல்லாம் இது ஒரு சந்தை ஊர். நெல் மூட்டைகளோடு ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு வரும் ஒரு விவசாயக் குடும்பத்தின் ஒரு நாளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

காலையில் டீக்கடையில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து காசு கொடுக்கிறார் அவர். ரேஷன் கடை மெஷினில் விரல் வைக்கிறார் அவரது மனைவி. பள்ளிப் புத்தகத்தில் உள்ள க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பாட வீடியோ பார்க்கிறாள் மகள். வாட்ஸ்அப்பில் இன்றைய நெல் விலை தமிழில் வந்து விழுகிறது.

நான்கும் வேற வேற வேலைகள். செய்து கொடுத்தவர்களும் வேற வேற ஆட்கள். ஆனால் இந்த நான்கில் எதைப் பிரித்துப் பார்த்தாலும், உள்ளே இருக்கும் நிரலில் பெரும்பகுதி அந்தந்த ஆப்புக்காக எழுதப்பட்டது கிடையாது. யாரோ, எப்போதோ, எங்கேயோ எழுதி வைத்ததை எடுத்துப் பொருத்தியிருக்கிறார்கள்.

இதற்கு 'கோடு மறுபயன்பாடு' என்று பெயர். இது நல்லதா, ஆபத்தா? ஓரிடத்தில் உடைந்தால் எல்லா இடத்திலும் உடையுமா? சாப்ட்வேர் ஆராய்ச்சியாளர்கள் 50 ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டுவரும் கேள்விகள் இவை. விரிவாகப் பார்ப்போம்.

பின் நம்பர் கேட்கும் திரை ஏன் எல்லா ஆப்பிலும் ஒரே மாதிரி இருக்கிறது?

கூகுள் பே, போன்பே, பேடிஎம் என எந்த யுபிஐ ஆப்பைத் திறந்தாலும் நிறம், பட்டன் எல்லாம் வேற வேறயாக இருக்கும். ஆனால் கடைசியில் யுபிஐ பின் நம்பரைக் கேட்கும் திரை மட்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். கவனித்திருக்கிறீர்களா?

காரணம், அந்தத் திரையை அந்த ஆப் நிறுவனங்கள் எழுதவில்லை. யுபிஐ-யை நடத்தும் தேசிய பணம் செலுத்தும் கழகமான என்பிசிஐ, ஒரு பொது லைப்ரரியை எழுதி எல்லா யுபிஐ ஆப்புகளுக்கும் கொடுத்திருக்கிறது. நீங்கள் அழுத்தும் எண்கள் அந்த லைப்ரரிக்குள்ளேயே ரகசியக் குறியீடாக மாறிவிடும். ஆப் நிறுவனத்துக்குக்கூட உங்கள் பின் நம்பர் தெரியாது.

ஒவ்வொரு நிறுவனமும் இந்தத் திரையைத் தானே எழுதியிருந்தால் என்ன ஆகும்? ஒருவர் சரியாக எழுதுவார், இன்னொருவர் ஓட்டை விடுவார். இப்போது ஒரே ஒரு பாகத்தை நன்றாகச் சோதித்தால் போதும், எல்லோருக்கும் பாதுகாப்பு. மறுபயன்பாட்டின் முதல் லாபம் இதுதான்.

'காம்போனென்ட்', 'ஆர்க்கிடெக்சர்' என்றால் என்ன?

போர்வெல் போட்ட விவசாயிக்கு இது எளிதில் புரியும். மோட்டார் ஒரு கம்பெனி, பைப் ஒரு கம்பெனி, வால்வு ஒரு கம்பெனி. ஆனாலும் இரண்டு இன்ச் பைப் என்று கேட்டு வாங்கினால் இரண்டு இன்ச் எல்போவில் உட்கார்ந்துவிடும். எல்போ செய்தவருக்கு உங்கள் மோட்டாரைப் பற்றி எதுவும் தெரிய வேண்டியதில்லை.

சாப்ட்வேரிலும் அப்படித்தான். ஒரு வேலையை மட்டும் செய்யும் தனிப் பாகம் 'காம்போனென்ட்'. அது மற்ற பாகங்களோடு சேரும் வாய்ப்பகுதி, அதாவது இரண்டு இன்ச் என்ற அளவு மாதிரி, 'இன்டர்ஃபேஸ்' அல்லது 'ஏபிஐ'. எந்தப் பாகம் எங்கே, எதோடு சேர வேண்டும், ஒன்று கெட்டால் மற்றது என்ன செய்யும் என்ற மொத்தத் திட்டம்தான் 'ஆர்க்கிடெக்சர்'.

செஞ்சிக் கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமான 12 மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என மூன்று மலைகள். ஒவ்வொன்றுக்கும் தனி அரண், மூன்றையும் சேர்க்க ஒரு மதில். தனித்தனிப் பாகங்கள், அவற்றை இணைக்கும் திட்டம் என்ற இரண்டையும் ஒரே இடத்தில் கண்ணால் பார்க்கலாம்.

கல்லுக்கும் கோடுக்கும் ஒரு பெரிய வித்தியாசமும் இருக்கிறது. புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோனவை. தூணை எடுத்துப் போனால் அது இருந்த இடம் காலி. கோடை எடுத்துப் போனால் இங்கேயும் இருக்கும், அங்கேயும் இருக்கும். ஆயிரம் பேர் எடுத்தாலும் தீராது. அதில் ஒரு பிழை இருந்தால், அந்தப் பிழையும் ஆயிரம் இடத்துக்குப் போகும்.

இந்த யோசனை எப்போது வந்தது?

கம்ப்யூட்டர் பிறந்த காலத்திலேயே வந்துவிட்டது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1949-ல் இயங்கத் தொடங்கிய எட்சாக் கம்ப்யூட்டருக்கு, அடிக்கடி தேவைப்படும் கணக்குகளைத் தனித்தனி பேப்பர் டேப்பில் துளையிட்டு அலமாரியில் அடுக்கி வைத்தார்கள். வேண்டியதை எடுத்துத் தங்கள் புரோகிராமோடு சேர்த்துக்கொள்வார்கள். மாரிஸ் வில்க்ஸ், டேவிட் வீலர், ஸ்டான்லி கில் ஆகிய மூவரும் 1951-ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்கள். இன்றும் புரோகிராமர்கள் 'லைப்ரரி' என்று சொல்வது நிஜமாகவே ஓர் அலமாரியாக இருந்த காலம் அது.

அடுத்த பெரிய அடி 1968-ல். மேற்கு ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ ஆதரவில் ஒரு மாநாடு நடந்தது. 'சாப்ட்வேர் இன்ஜினியரிங்' என்ற பெயரைப் பரவலாக்கியது இந்த மாநாடுதான். அங்கே பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டக் மெக்கில்ராய் ஒரு கட்டுரை வாசித்தார். நட்டு, போல்ட்டு மாதிரி சாப்ட்வேர் பாகங்களையும் அளவு வாரியாகத் தயாரித்து, பட்டியலைப் பார்த்துத் தேர்வு செய்யும் தொழிற்சாலை வேண்டும் என்பது அவரது வாதம். பிற்பாடு யூனிக்ஸில், ஒரு புரோகிராமின் வெளியீட்டை அடுத்த புரோகிராமுக்குள் அனுப்பும் வசதிக்கு யோசனை சொன்னவரும் இவரே. அந்த வசதியின் பெயர் 'பைப்'.

1972-ல் டேவிட் பார்னஸ் இன்னொரு முக்கியமான கேள்வியைக் கேட்டார். சாப்ட்வேரைப் பாகம் பாகமாகப் பிரிப்பது சரி, எந்த இடத்தில் வெட்டுவது?

முதலில் இந்த வேலை, அடுத்து அந்த வேலை என்று வேலை வரிசைப்படி வெட்டக் கூடாது என்றார் அவர். நாளைக்கு எது மாறும் என்று பார்த்து, அந்த மாற்றம் ஒரே பாகத்துக்குள் அடங்குகிற மாதிரி வெட்ட வேண்டும். உள்ளே என்ன நடக்கிறது என்பது வெளியே தெரியக் கூடாது. மோட்டாருக்குள் காயில் மாற்றினால் பைப்லைனைப் பிரிக்க வேண்டியதில்லை அல்லவா, அதே கதைதான்.

'கொ' எழுத்துக்குப் பின்னால் இருக்கும் பாகம்

இந்த ஆராய்ச்சியின் பலனைத் தமிழ் வாசகர்கள் தினமும் அனுபவிக்கிறார்கள். 'கொ' என்று டைப் செய்தால், கம்ப்யூட்டருக்குள் முதலில் 'க', அதன் பிறகு ஒகரக் குறி என்ற வரிசையில்தான் பதிவாகிறது. திரையில் காட்டும்போது ஒற்றைக்கொம்பு 'க'-வுக்கு முன்னாலும், கால் பின்னாலும் போய் உட்கார வேண்டும்.

ஒவ்வொரு ஆப்பும் இந்த இலக்கணத்தைத் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் தமிழில் பாதி ஆப்புகள் வந்தே இருக்காது. ஹார்ஃப்பஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் காம்போனென்ட் இந்த வேலையைச் செய்கிறது. ஆண்ட்ராய்டு, குரோம், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபீஸ் எல்லாம் அதையே பயன்படுத்துகின்றன. அங்கே ஒரு தமிழ் எழுத்துப் பிழையைத் திருத்தினால், அந்தத் திருத்தத்தை எடுத்துக்கொள்ளும் எல்லாமே சரியாகும். சந்தை சிறியது என்று பெரிய நிறுவனங்கள் ஒதுக்கிவிடக்கூடிய மொழிகளுக்கு, மறுபயன்பாடு உண்மையிலேயே உயிர்நாடி.

இந்தியாவில் எங்கெல்லாம் நடந்திருக்கிறது?

அரசுத் திட்டங்களில் இது இப்போது சாதாரணமாகிவிட்டது. அந்தப் பள்ளிப் புத்தகத்திலிருந்தே தொடங்கலாம். மத்திய அரசின் தீக்‌ஷா தளம் 2017 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. 2018-ல் புதிய பாடத்திட்டப் புத்தகங்களைக் கொண்டுவந்தபோது தமிழ்நாடு அவற்றில் க்யூஆர் கோடுகளை அச்சிட்டு இந்தத் தளத்தோடு இணைத்தது. தீக்‌ஷாவுக்கு அடியில் இருப்பது சன்பேர்டு என்ற ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேர். ஏக்ஸ்டெப் அறக்கட்டளை உருவாக்கியது. பல மாநிலங்கள் தங்கள் மொழியில், தங்கள் பாடத்தை ஏற்றிக்கொள்வதற்கு ஏற்ற மாதிரி பாகம் பாகமாக எழுதப்பட்டது.

இரண்டாவது உதாரணம் கொரோனா காலத்தில் எல்லோரும் தொட்டுப் பார்த்தது. 2021 ஜனவரி 16-ல் தடுப்பூசி போடத் தொடங்கியபோது கோவின் தளம் தயாராக இருந்தது. அது வெறும் கையோடு தொடங்கவில்லை. தடுப்பூசி இருப்பையும் குளிர்சாதனப் பெட்டிகளின் வெப்பநிலையையும் கண்காணிக்க 2015-லிருந்தே ஈவின் என்ற அமைப்பு இருந்தது. கோவின் அதன் நீட்சி. சான்றிதழ் வழங்கும் பகுதிக்கு டிவோக் என்ற ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேர் பயன்பட்டது. அதே டிவோக்கை இலங்கை, பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளும் எடுத்துக்கொண்டன. 2022 ஜூலையில் இந்தியா 200 கோடி டோஸ் என்ற எண்ணிக்கையைத் தாண்டியது. பிறகு கோவின் அனுபவத்தை வைத்தே குழந்தைகள், கர்ப்பிணிகளின் தடுப்பூசிக்கான யூவின் தளம் வந்தது.

மூன்றாவது, மோசிப். பெங்களூரு ஐஐஐடி 2018-ல் தொடங்கிய திட்டம். ஒரு நாடு தன் மக்களுக்கு டிஜிட்டல் அடையாள அட்டை கொடுக்க விரும்பினால், அதற்கான சாப்ட்வேரைப் பாகம் பாகமாக இலவசமாகத் தருகிறது. பதிவு செய்யும் பாகம் தனி, சரிபார்க்கும் பாகம் தனி. பிலிப்பைன்ஸ், மொராக்கோ, எத்தியோப்பியா ஆகிய நாடுகள் எடுத்துக்கொண்டன. இலங்கையின் டிஜிட்டல் அடையாளத் திட்டமும் இதையே தேர்வு செய்தது. அதற்கு நிதியுதவி வழங்க 2022 மார்ச்சில் இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் செய்துகொண்டன.

கோடு போனால் நம்ம டேட்டாவும் போகுமா?

பலருக்கும் வரும் சந்தேகம் இது. பதில்: போகாது. கோடு என்பது சமையல் குறிப்பு மாதிரி. டேட்டா என்பது உங்கள் வீட்டு அடுப்பில் இருக்கும் சாப்பாடு. குறிப்பை நான்கு பேருக்குக் கொடுத்தால் சாப்பாடு அவர்கள் வீட்டுக்குப் போய்விடாது.

மோசிப்பை இலங்கை எடுத்துக்கொண்டதால் இந்தியர்களின் ஆதார் விவரம் அங்கே போகாது. மோசிப் என்பது ஆதாரின் கோடும் அல்ல. ஆதார் அனுபவத்திலிருந்து பாடம் கற்று, தனியாக எழுதப்பட்டது. டேட்டாவை யார் வைத்திருக்கிறார்கள், யார் பார்க்கலாம் என்பது அந்தந்த நாட்டின் சட்டத்தையும் நிர்வாகத்தையும் பொறுத்த விஷயம். கோடு திறந்திருக்கிறது என்பதாலேயே டேட்டா பாதுகாப்பாக இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. இரண்டும் தனித்தனிக் கேள்விகள்.

இவ்வளவு லாபம் என்றால் எல்லோரும் ஏன் செய்வதில்லை?

இங்கேதான் ஆராய்ச்சி முடிவுகள் கொஞ்சம் கசப்பானவை. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டேவிட் கார்லன் குழுவினர், ஏற்கெனவே நன்றாக இயங்கிக்கொண்டிருந்த நான்கு பாகங்களை ஒன்றாகச் சேர்த்து ஒரு புதிய கருவியைச் செய்ய முயன்றார்கள். ஆறு மாதத்தில் முடியும் என்று கணக்குப் போட்டார்கள். இரண்டு ஆண்டுகள் ஆனது. மனித உழைப்பும் ஏறக்குறைய ஐந்து மடங்கு. கடைசியில் வந்த சாப்ட்வேரும் பெருத்துப்போய், மெதுவாக ஓடியது.

பாகங்களில் குறை இல்லை, பொருத்தியவர்களும் கெட்டிக்காரர்கள். பிறகு ஏன்? 1995-ல் வெளியிட்ட கட்டுரையில் அவர்கள் சொன்ன பதில், 'ஆர்க்கிடெக்சர் பொருத்தமின்மை'. ஒவ்வொரு பாகமும் தன்னைச் சுற்றியுள்ள உலகம் இப்படித்தான் இருக்கும் என்று மனதுக்குள் சிலவற்றை நினைத்துக்கொண்டே எழுதப்பட்டிருக்கும். இரண்டு பாகமும் 'நான்தான் வீட்டுக்குப் பெரியவன்' என்று நினைத்தால் குடும்பம் நடக்குமா? அங்கேயும் அதுதான் நடந்தது. அந்த நினைப்புகள் எந்த ஏபிஐ-யிலும் எழுதப்பட்டிருக்காது.

இன்னோர் ஆய்வு செலவைப் பற்றியது. நாசாவின் சாப்ட்வேர்களில் சுமார் 3,000 பாகங்களை ரிச்சர்ட் செல்பி 1988-ல் ஆராய்ந்தார். ஒரு பாகத்தைத் துளியும் மாற்றாமல் அப்படியே எடுத்தாலும், புதிதாக எழுதும் செலவில் 5 சதவீதம் அளவுக்கு ஆகிறது. தேடிப் பார்ப்பது, பொருந்துமா என்று சோதிப்பது என்று அந்த வேலை இருக்கிறதே. ஆனால் எட்டில் ஒரு பங்கு மாற்றினாலே செலவு பாதியைத் தாண்டிவிடுகிறது. காரணம், கொஞ்சம் மாற்றுவதற்கும் முழுசாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

அதனால்தான் 'பக்கத்து டிபார்ட்மென்ட் சாப்ட்வேரைக் கொஞ்சம் மாற்றி நமக்குப் போட்டுக்கலாம்' என்ற யோசனை பல நேரங்களில் கையைக் கடிக்கிறது.

40 வினாடிக்குள் சிதறிய ராக்கெட்

மறுபயன்பாடு எவ்வளவு ஆபத்தாக முடியலாம் என்பதற்கு உலகம் முழுக்கப் பாடமாக நடத்தப்படும் சம்பவம் இது. 1996 ஜூன் 4. பிரெஞ்சு கயானாவிலிருந்து ஐரோப்பாவின் புதிய ஏரியன் 5 ராக்கெட் முதல்முறையாகப் புறப்பட்டது. சுமார் 40 வினாடிகளில் திசைமாறி வானத்திலேயே சிதறியது. அதில் இருந்த கிளஸ்டர் என்ற நான்கு அறிவியல் செயற்கைக்கோள்களும் போயின.

ராக்கெட் எந்தத் திசையில் போகிறது என்று கணக்கிடும் சாப்ட்வேரை, நன்றாகப் பறந்துகொண்டிருந்த ஏரியன் 4-லிருந்து எடுத்துப் போட்டிருந்தார்கள். அதில் ஒரு இடத்தில் 64 பிட் எண்ணை 16 பிட் எண்ணாக மாற்றும் வரி உண்டு. 16 பிட்டில் அதிகபட்சம் 32,767 வரைதான் அடங்கும். ஏரியன் 4-ன் வேகத்துக்கு அது போதும். ஏரியன் 5-ன் பக்கவாட்டு வேகம் அதிகம். எண் அடங்கவில்லை. சாப்ட்வேர் நின்றுபோனது.

மாற்றுக்கு இன்னொரு கருவி இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. அதிலும் அதே கோடுதான். அதுவும் அதே காரணத்துக்காக, சில மில்லி வினாடிகள் முன்னதாகவே நின்றிருந்தது. இதில் கொடுமை என்னவென்றால், பிழை ஏற்பட்ட அந்தக் கணக்கு ஏரியன் 5 தரையை விட்டுக் கிளம்பிய பிறகு தேவையே இல்லாத ஒன்று.

மறுபடியும் பைப்புக்கு வருவோம். கடையில் நான்கு கிலோ பிரஷர் பைப்பும் இருக்கும், ஆறு கிலோ பிரஷர் பைப்பும் இருக்கும். இரண்டும் ஒரே இன்ச் என்றால் எல்போவில் ஒரே மாதிரி உட்காரும். ஆனால் குதிரைத்திறன் அதிகமான மோட்டாரில் நான்கு கிலோ பைப்பைப் போட்டால் வெடித்துவிடும். அளவு பொருந்தினால் மட்டும் போதாது, தாங்குமா என்றும் பார்க்க வேண்டும். ஏரியன் 5-ல் பொருந்தியது, தாங்கவில்லை.

பதினோரு வரி, ஒரு தெலுங்கு எழுத்து, ஒரு லாக் புத்தகம்

ஏரியனில் ஒரு ராக்கெட்தான் போனது. இணைய காலத்தில் ஒரு பாகம் லட்சக்கணக்கான இடங்களில் இருக்கிறது. மூன்று சம்பவங்கள் இதைக் காட்டின.

2016 மார்ச். எழுத்துக்கு முன்னால் வெற்றிடம் சேர்க்கும் 'லெஃப்ட்-பேட்' என்ற பதினோரு வரிக் கோடு. ஒரு டெவலப்பர் கோபத்தில் அதைப் பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்கினார். அதை நம்பியிருந்த பெரிய பெரிய புராஜெக்ட்டுகள் அப்படியே நின்றன. தங்கள் சாப்ட்வேருக்குள் அது இருப்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது. சில மணி நேரத்தில் அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

2018 பிப்ரவரி. ஒரு குறிப்பிட்ட தெலுங்கு கூட்டெழுத்து மெசேஜில் வந்தால் ஐபோனில் மெசேஜ் ஆப்புகள் அடுத்தடுத்து முடங்கின. எழுத்தை வரைந்து காட்டும் ஆப்பிளின் பொதுப் பாகத்தில் இருந்த பிழை அது. பல ஆப்புகள் அதையே நம்பியிருந்ததால் அவை எல்லாமே விழுந்தன. சில நாட்களில் ஆப்பிள் திருத்தம் வெளியிட்டது. 'கொ' எழுத்தைச் சரியாகக் காட்டுவதும், தெலுங்கு எழுத்தில் விழுந்ததும் ஒரே காசின் இரண்டு பக்கம்.

2021 டிசம்பர். லாக்4ஜே. ஒரு சாப்ட்வேருக்குள் என்னென்ன நடக்கிறது என்று வரிசையாகக் குறித்து வைக்கும் சாதாரண லைப்ரரி. பெரிய நிறுவனங்கள் முதல் அரசு இணையதளங்கள் வரை அது இருந்தது. குறிப்பிட்ட மாதிரி ஒரு வரியை அதில் எழுத வைத்தாலே சர்வரை வெளியாள் கைப்பற்றலாம் என்று தெரியவந்தது. ஆபத்து மதிப்பெண் 10-க்கு 10. உலகம் முழுக்க நிறுவனங்கள் இரவு பகலாகச் சரிசெய்தன. அந்த லைப்ரரியைப் பராமரித்துவந்தது சம்பளம் வாங்காத ஒரு சில தன்னார்வலர்கள்.

எல்லோரும் தண்ணி எடுக்கும் கிணற்றைத் தூர்வார ஆள் இல்லை என்பது ஊருக்குப் புதுக் கதையா என்ன?

அவலூர்பேட்டைக்கு இதில் என்ன பாதிப்பு?

2025 ஏப்ரல் 12-ம் தேதி நாடு முழுக்க யுபிஐ பல மணி நேரம் தடுமாறியது. கையில் காசு இல்லாமல் கடைக்குப் போனவர்களுக்கு நினைவிருக்கும். சில வங்கிகளின் சிஸ்டம், 'இந்தப் பணம் போனதா, போனதா' என்று கேட்கும் கோரிக்கைகளை என்பிசிஐ சர்வருக்கு அளவுக்கு மீறி அனுப்பியதே காரணம் என்று பிறகு தெரியவந்தது. ஒருசிலர் பொது ஏபிஐ-யை முறையில்லாமல் பயன்படுத்தினார்கள், பாதிப்பு எல்லோருக்கும். அதன் பிறகு 2025 ஆகஸ்ட் 1 முதல் இத்தகைய கோரிக்கைகளுக்கு என்பிசிஐ கட்டுப்பாடு விதித்தது. ஒரு ஆப்பில் ஒரு நாளைக்கு 50 முறைதான் பேலன்ஸ் பார்க்கலாம் என்ற விதி அப்படி வந்ததுதான்.

இன்னொரு விஷயம் இதைவிட நுட்பமானது. தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் 2020 அக்டோபரில் கைரேகைச் சரிபார்ப்பு வந்தது. நூறு நாள் வேலைத் திட்டத்தின் கூலி, 2024 ஜனவரி முதல் ஆதார் அடிப்படையிலான முறையில்தான் வழங்கப்பட வேண்டும் என்றானது. அரசுப் பார்வையில் இது நல்ல மறுபயன்பாடு. அடையாளம் காட்டும் ஒரே பாகம், பல திட்டங்களுக்கு.

ஆனால் நாற்று நட்டு, களை பறித்து, கரும்பு வெட்டி ரேகை தேய்ந்த கைகளுக்கு? தனித்தனி முறைகள் இருந்தபோது ஓரிடத்தில் சிக்கல் வந்தால் இன்னோர் இடத்தில் வேலை நடக்கும். ஒரே பாகம் எல்லா இடத்திலும் இருந்தால், ஓரிடத்தில் 'பொருந்தவில்லை' என்று வருவது எல்லா இடத்திலும் வரும். ஏரியன் 5-ல் மாற்றுக் கருவியும் அதே கோடில் ஓடியது இதனால்தான் இங்கே முக்கியமாகிறது. மாற்று வழி என்பது உண்மையிலேயே வேற வழியாக இருக்க வேண்டும். கைரேகைக்குப் பதில் கண் கருவிழி, அதுவும் இல்லையென்றால் குடும்பத்தில் வேறொருவர், அங்கீகாரம் பெற்ற பிரதிநிதி என்று வைப்பது கடைக்காரரின் தயவு சார்ந்த விஷயமாக இருக்கக் கூடாது. அது ஆர்க்கிடெக்சரிலேயே இருக்க வேண்டிய பாகம்.

இலவசமாகக் கிடைத்தால் எப்படி வேண்டுமானாலும் எடுக்கலாமா?

செஞ்சி, திண்டிவனம், திருவண்ணாமலை பக்கம் பிசிஏ, கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் மாணவர்கள் புராஜெக்ட் நேரத்தில் கேட்கும் கேள்வி இது. ஓப்பன் சோர்ஸ் என்றால் உரிமை இல்லாதது என்று அர்த்தம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு லைசென்ஸ் இருக்கும். எம்ஐடி லைசென்ஸ் என்றால், எழுதியவரின் பெயரும் உரிமக் குறிப்பும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் முக்கிய நிபந்தனை. ஜிபிஎல் லைசென்ஸ் என்றால், அதைச் சேர்த்து நீங்கள் உருவாக்கி மற்றவர்களுக்குக் கொடுக்கும் சாப்ட்வேரின் கோடையும் அதே நிபந்தனையில் கொடுக்க வேண்டும். எந்த லைசென்ஸும் குறிப்பிடாத கோடு என்றால், சட்டப்படி அது எழுதியவருக்கே சொந்தம்.

ஏஐ கருவியிடம் கேட்டு வாங்கும் கோடுக்கும் செல்பியின் கணக்கு பொருந்தும். எழுதும் நேரம் மிச்சமாகலாம். புரிந்துகொள்ளும் நேரம் மிச்சமாகாது.

அரசு என்ன செய்கிறது?

அரசு எழுதும் சாப்ட்வேர்களின் கோடைத் துறைகள் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று மத்திய அரசு 2015-லேயே கொள்கை வகுத்தது. அதற்காக ஓப்பன்ஃபோர்ஜ் என்ற தளமும் வந்தது.

பாதுகாப்புப் பக்கத்தில், செர்ட்-இன் அமைப்பு 2024 அக்டோபரில் 'எஸ்பாம்' பற்றி வழிகாட்டுதல் வெளியிட்டது. பெயர் பயமாக இருந்தாலும் விஷயம் எளிது. பிஸ்கட் பாக்கெட்டின் பின்னால் கோதுமை, சர்க்கரை, எண்ணெய் என்று போட்டிருப்பார்கள் இல்லையா? அதே மாதிரி ஒரு சாப்ட்வேருக்குள் எந்தெந்தக் காம்போனென்ட், எந்தப் பதிப்பு இருக்கிறது என்ற பட்டியல். அடுத்த லாக்4ஜே வரும்போது 'நம்மகிட்ட இருக்கா இல்லையா' என்று தேடி நாட்களை வீணாக்காமல், பட்டியலைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

'ஏற்கெனவே அங்கே ஓடுகிறது, இங்கேயும் போடலாம்' என்று ஒரு சாப்ட்வேரை யாராவது கொண்டுவந்தால், அது பள்ளிக்கூடமோ, கூட்டுறவுச் சங்கமோ, பஞ்சாயத்தோ, இவற்றைக் கேட்கலாம்.

ஒன்று, அங்கே எந்தச் சூழ்நிலைக்காக எழுதப்பட்டது? இங்கே நெட்வொர்க், மொழி, கூட்டம் எல்லாம் வேறயாக இருந்தால் தாங்குமா?

இரண்டு, எவ்வளவு மாற்ற வேண்டும்? அதிகம் மாற்ற வேண்டும் என்றால் லாபம் நிஜமாகவே இருக்கிறதா?

மூன்று, யார் பராமரிக்கிறார்கள்? அவர்கள் நிறுத்திவிட்டால் யார் பார்ப்பார்கள்?

நான்கு, இது வேலை செய்யாத நாளில் மக்கள் என்ன செய்வார்கள்?

முதல் மூன்றை இன்ஜினியர்கள் கேட்டுவிடுவார்கள். நான்காவது கேள்வியைக் கேட்க வேண்டியவர், விரல் பொருந்தவில்லை என்று ரேஷன் கடை வாசலில் மூன்றாவது முறையாகக் கையைத் துடைத்துக்கொண்டு நிற்பவர். அந்தக் கேள்விக்கும் பதில் எழுதிய பிறகுதான் ஒரு கோடு ஊரெல்லாம் ஓடத் தயாராகிறது.